இணையப் படிப்பு: சேர்வது சுலபம், முடிப்பவர் யார்?

சிங்கப்பூர்த் தமிழர்களிடம் இணையவழிப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, “அந்தச் சர்ட்டிஃபிகேட் செல்லுமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பிபிஏ படிப்பவருக்கும், நாற்பத்தைந்து வயதில் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கணினிப் படிப்புக்குப் பணம் கட்டுபவருக்கும் அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் இந்தத் துறை உலகம் முழுக்க வளர்ந்த விதத்தைப் பார்த்தால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள்? முடித்தவர்கள் எதனால் முடித்தார்கள்?

பாடத்தை உலகத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பும் செலவு கடந்த இருபத்தைந்து வருடங்களில் அநேகமாக ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. படிப்பவர் எழுதியதை ஓர் ஆள் உட்கார்ந்து படித்து, “இந்த இடத்தில் தப்பு, இப்படி யோசித்துப் பார்” என்று சொல்வதற்கு ஆகும் செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. இணையக் கல்வியில் யார் கரை சேர்கிறார்கள் என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் எண்ணம்.

தொலைவிலிருந்து படிப்பது இணையத்தோடு வந்த பழக்கம் இல்லை. 1840ல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்று ஆனதும், ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலிலேயே நடத்தினார். மாணவர் எழுதி அனுப்புவார்; அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். 1858ல் லண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளுக்கு வராதவர்களும் தேர்வு எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று வழிவிட்டது. அந்த வழியில் பட்டம் பெற்ற சிங்கப்பூரர்கள் ஏராளம். இன்றும் சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்தில், அதாவது எல்லாரும் எஸ்ஐஎம் என்று சொல்லும் இடத்தில், லண்டன் பட்டத்துக்குப் படிக்கிறார்கள்.

பெரிய திருப்பம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969ல் சாசனம் கிடைத்து, 1971ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பிபிசியில் அதிகாலையிலும் நள்ளிரவிலும் வந்த அதன் பாடங்களைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் தன் வட்டாரத்தில் ஒரு பகுதிநேர ஆசிரியர் ஒதுக்கப்பட்டார். குறிப்பிட்ட நாளுக்குள் மாணவர் கட்டுரையை எழுதி அனுப்பியாக வேண்டும். ஆசிரியர் மதிப்பெண்ணோடு, எந்தப் பத்தியில் வாதம் சறுக்கியது, அடுத்த கட்டுரைக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று பக்கம் ஒதுக்கி எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தக் கெடு தேதியும், நம் எழுத்தை வாசிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பும், வேலைக்குப் போய்வந்து அலுத்துக் கிடப்பவரைக்கூட இரவு பத்து மணிக்கு மேசைக்கு முன் உட்கார வைத்தன.

இந்த முறை சிங்கப்பூருக்கும் வந்தது. 1990களின் முற்பகுதியில் எஸ்ஐஎம் அதே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வேலை பார்க்கும் பெரியவர்களுக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2005ல் அது யுனிசிம் என்ற பல்கலைக்கழகம் ஆனது. 2017ல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தன்னாட்சிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழ் மொழி, இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் படிக்க விரும்பும், வேலை பார்ப்பவர்கள் போவது அங்கேதான். பாடத்தில் ஒரு பகுதி இணையத்தில், ஒரு பகுதி மாலை வகுப்பில். பாதித் தூரம் தனியாக, பாதித் தூரம் ஆசிரியரோடு என்ற இந்தக் கலவை, பின்னால் வந்த பல பளபளப்பான திட்டங்களைவிட உறுதியாக நின்றிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் இதற்கு ‘அஞ்சல்வழிக் கல்வி’ என்று பெயர். மதுரை காமராசர், அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களில் அப்படிப் பட்டம் வாங்கிய ஒரு மாமாவோ அத்தையோ இல்லாத குடும்பம் குறைவு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985ல் வந்தது. மாணவர் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. ஆனால் இந்த வகைப் படிப்பில் பலருக்குக் கிடைத்தது தபாலில் வரும் புத்தகக் கட்டும், ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பும்தான். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது புத்தகத்தைப் பிரிப்பது சகஜமாக இருந்தது. பட்டம் கிடைத்தது, பதவி உயர்வும் கிடைத்தது. படிப்பு எவ்வளவு ஒட்டியது என்பது ஆளைப் பொறுத்தது.

அப்புறம் இணையம். இங்கே தமிழர்கள் பெருமையோடு நினைவுகூர வேண்டிய ஒரு கதை இருக்கிறது. அதை ஏனோ யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 1997ல் இணையத் தமிழ் குறித்த முதல் உலகளாவிய கருத்தரங்கம் நடந்தது சிங்கப்பூரில். இங்கே தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி அதற்கு முன்னின்று உழைத்தார். கணினியில் தமிழ் எழுத்தே ஒழுங்காகத் தெரியாத காலம் அது; ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். அடுத்த கருத்தரங்கம் 1999ல் சென்னையில் நடந்தபோது, உலகத் தமிழர்களுக்காக இணையப் பல்கலைக்கழகம் ஒன்று அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. மழலைப் பாடம் முதல் தமிழியல் பட்டப்படிப்பு வரை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது ஏற்பாடு. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி தன் பாடங்களை எல்லாருக்கும் இலவசமாக இணையத்தில் போடப்போகிறோம் என்று அறிவித்து உலகத்தை வியக்க வைத்ததும் அதே 2001ல், ஏப்ரல் மாதம்.

உலகம் இந்தத் துறையைத் திரும்பிப் பார்த்தது 2011ல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் யாரும் சேரலாம் என்று திறந்துவிட, சுமார் 160,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அடுத்த வருடமே யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் மூன்றும் பிறந்தன. கோர்செராவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஆண்ட்ரூ இங் பள்ளிப் படிப்பை முடித்தது சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2013ல் கோர்செராவோடு இணைந்தது. இனி ஏழை நாட்டுக் குடிசையில் இருக்கும் பிள்ளையும் ஹார்வர்டில் படிக்கலாம் என்று எழுதாத பத்திரிகை இல்லை.

கணக்கு பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. ஸ்டான்ஃபோர்ட் வகுப்பில் சேர்ந்த 160,000 பேரில் கடைசிவரை வந்தவர்கள் 20,000க்குச் சற்று மேல். 2012ல் எம்ஐடி நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் 155,000 பேர் சேர்ந்து, ஏறத்தாழ 7,000 பேர் தேறினார்கள். 2013ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்செரா மாணவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் ஏற்கெனவே கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறு வருடத் தரவைக் கல்வி ஆய்வாளர் ஜஸ்டின் ரைக்கும் அவருடைய சகாவும் அலசி, 2019ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2017-18ல் முடித்தவர்கள் மூன்று விழுக்காட்டுச் சொச்சம்.

இதை ஆரம்ப சூரத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் பலர். ஒரு பாடத்தை மட்டும் கேட்டு, தேவையானதை எடுத்துக்கொண்டு போனவர்கள் சிலர். அவர்களைத் தோற்றவர்கள் பட்டியலில் சேர்ப்பது சரியில்லை. ஆனால் அதே ஆய்வில் சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முடித்திருந்தார்கள். பணம் கட்டியது மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. பணம் கட்டும் வசதியும், முடித்தாக வேண்டிய தேவையும், உட்கார்ந்து படிக்கும் பழக்கமும் ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்கள். ஆக, கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. நடந்து உள்ளே போகத் தெம்பு இருந்தவர்களே அதிகம் போனார்கள்.

நன்றாக ஓடும் திட்டங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், 2014ல் கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தை முழுக்க இணையத்தில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் 7,000 அமெரிக்க வெள்ளி அளவில். இதுவரை 10,000க்கும் அதிகமானோர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். காணொளி பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்தது, எல்லாருக்கும் ஒன்றே. விடைகளைத் திருத்தவும் சந்தேகம் தீர்க்கவும் ஒவ்வொரு பாடத்துக்கும் உதவி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் அதே படிப்பை முடித்த பழைய மாணவர்கள். சென்னை ஐஐடி 2020ல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப்படிப்பும் இதே பாதை. கடினமான நுழைவுத்தேர்வு கிடையாது. நான்கு வாரம் பாடம் படித்து, வாராந்திர ஒப்படைப்புகளை முடித்து, ஒரு தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய். நடுவில் நின்றாலும் சான்றிதழ், பட்டயம் என்று படிப்படியாக வெளியேற வழி உண்டு. இந்த ஏணி அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. வாழ்க்கை நடுவில் குறுக்கிடும், அது படிப்பவரின் குற்றமில்லை என்று புரிந்துகொண்டு போட்ட திட்டம் அது.

கொவிட் காலத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. ஆனாலும் சிங்கப்பூரின் அனுபவத்தில் கற்க வேண்டியது இருக்கிறது. 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் 1.5 பில்லியன் மாணவர்களுக்கு மேல் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. குறைந்தது 463 மில்லியன் பிள்ளைகளுக்கு எந்தவிதத் தொலைநிலைப் பாடமும் எட்டவில்லை என்றது யுனிசெஃப். சிங்கப்பூரில் ஏப்ரல் 8 முதல் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறின. 2003ல் சார்ஸ் வந்து பள்ளிகளை மூடிய அனுபவம் இருந்தது. மாணவர் கற்றல் தளமான எஸ்எல்எஸ் 2018லேயே எல்லாப் பள்ளிகளுக்கும் வந்திருந்தது. அப்படியும் முதல் வாரத்திலேயே ஸூம் வகுப்பில் அந்நியர்கள் நுழைந்து ஆபாசப் படம் காட்ட, கல்வி அமைச்சு ஏப்ரல் 9ஆம் தேதி அந்தச் செயலியை நிறுத்தி வைத்தது. கூடுதல் பாதுகாப்போடு பிறகு திரும்பி வந்தது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மூவறை வீட்டில் அந்த மாதம் எப்படிப் போனது என்று பிள்ளை வளர்த்தவர்களுக்கு மறக்காது. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் உயர்நிலை மூன்று படிக்கும் அண்ணன், பள்ளி கொடுத்த மடிக்கணினியில் அறிவியல். மறுபக்கம் தொடக்கநிலை இரண்டு படிக்கும் தங்கை, அம்மாவின் கைப்பேசியில் தமிழ். “படத்தில் என்ன தெரிகிறது, சொல்லும்மா” என்கிறார் ஆசிரியை. பிள்ளை வாய் திறக்கிறாள், ஒலிவாங்கி மூடியிருக்கிறது. அம்மா எட்டி அமுக்குகிறாள். அதற்குள் அண்ணன், “அமைதியா இருங்க” என்கிறான். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. ஆசிரியை சரி என்று அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார். முப்பது நிமிட வகுப்பில் அந்தப் பிள்ளை பேசியிருக்க வேண்டிய ஒரே வாக்கியம் அதுதான்.

இது தமிழுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வலித்த விஷயம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்புதான் வாய்விட்டுத் தமிழ் பேசும் ஒரே இடம். கணக்குப் பாடத்தைக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். மொழி அப்படி வராது. பக்கத்திலிருக்கும் பிள்ளை சொல்வதைக் கேட்டு, சிரித்து, தப்பாகச் சொல்லித் திருத்தப்பட்டுத்தான் வரும். அதே சமயம், தன் பள்ளியில் தமிழ் இல்லாததால் பள்ளி முடிந்து பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம்வரை எம்ஆர்டியில் போய்வரும் உயர்நிலைப் பிள்ளைகளுக்கு, வாரத்தில் ஒரு வகுப்பு இணையத்தில் நடந்தாலும் பெரிய ஆறுதலாக இருக்கும். எல்லா வகுப்பையும் அப்படி மாற்றினால் மொழியை இழப்போம்.

இன்னொன்றையும் அந்த மாதங்கள் காட்டின. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்காகவும் உதவி தேவைப்பட்ட பிள்ளைகளுக்காகவும் பள்ளிக் கதவுகள் திறந்தே இருந்தன. கருவி கொடுத்தால் மட்டும் போதாது, உட்கார இடமும் கூட ஒரு பெரியவரும் வேண்டும் என்பதை அமைச்சு புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது. 2028க்குள் எல்லா உயர்நிலை மாணவர்களுக்கும் தனிக் கற்றல் கருவி என்றிருந்த இலக்கு 2021க்கே முன்னால் கொண்டுவரப்பட்டது. அதே வருடத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் மாதத்தில் இரண்டு நாள் அளவுக்கு வீட்டிலிருந்தே கற்றல் வழக்கமான பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. முழுக்க இணையம் என்று போகாமல் இந்த அளவோடு நிறுத்தியதைப் புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் சொல்வேன்.

வணிகப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிருமிப்பரவல் காலத்தில் கொட்டிய பணம் தங்கவில்லை. எட்எக்ஸை 2021ல் 800 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கிய 2யூ நிறுவனம் 2024ல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2022ல் 22 பில்லியன் அமெரிக்க வெள்ளி மதிப்பிடப்பட்ட, இந்தியாவின் இணையப் பாட நிறுவனமான பைஜூஸ் 2024ல் நொடிப்பு வழக்கில் சிக்கியது. சிங்கப்பூரில் பெற்றோர்கள் டியூஷனுக்குச் செலவழிப்பதோ ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2023 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பில் அது 1.8 பில்லியன் வெள்ளி. பாடம் இலவசமாக எங்கும் கிடைக்கும் காலத்தில் இவ்வளவு பணம் எதற்குப் போகிறது என்று யோசித்தால், பிள்ளையோடு உட்கார ஓர் ஆளுக்குத்தான்.

சரி, முதலில் வந்த கேள்விக்கு வருவோம். சர்ட்டிஃபிகேட் செல்லுமா? அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் கொடுக்கும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. ஆனால் ‘அங்கீகாரம் பெற்ற’ என்பதைச் சேர்பவர்தான் சரிபார்க்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியல் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையத்தளத்தில் இருக்கிறது. பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2005க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. வருடக்கணக்கில் உழைத்தவர்களின் கையில் வெறும் காகிதம் மிஞ்சியது. “எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், தேர்வுக்கு மட்டும் வாங்க” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இடைத்தரகர் மையம் வைத்து இந்தப் படிப்புகளை நடத்த விதிகளில் இடமில்லை.

சிங்கப்பூரில் முதலாளி அதை எப்படிப் பார்ப்பார் என்பது தனி விஷயம். வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் கல்வித்தகுதிக்குப் புள்ளி வேண்டுமென்றால், 2023 செப்டம்பரிலிருந்து அந்தத் தகுதிக்குச் சரிபார்ப்புச் சான்றும் வேண்டும்.

சிங்கப்பூரர்களுக்கு நிலைமை கொஞ்சம் சுலபம். 2016ல் 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளியோடு தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற பயிற்சிச் சலுகையில், 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இன்னும் 4,000 வெள்ளி சேர்ந்தது. பணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. ஆனால் நாற்பது வயதில் படிப்பவருக்கு நேரமும், சந்தேகம் கேட்க ஆளும் இருக்கிறார்களா?

தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு இரண்டும் இன்னும் அரிது. காலை ஆறு மணிக்கு லாரி. திரும்பி வந்து குளித்து, சமைத்து, துணி துவைத்து முடிக்க ஒன்பதரை ஆகும். இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, ஐந்தங்குலத் திரையில் பிடிஎஃப்பைப் பெரிதாக்கி, வரிக்கு வரி நகர்த்திப் படிக்கிறார். பாடம் ஆங்கிலத்தில். புரியாத இடத்தில் யூடியூபில் தமிழில் யாராவது விளக்கியிருக்கிறார்களா என்று தேடுகிறார். ஒப்படைப்பைக் கையால் எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார். அதைத் திருத்தியவர் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியவருவதில்லை. மதிப்பெண் மட்டும் வரும். அறையில் இன்னொருவரும் அதே படிப்பில் இருந்தால் அவர் தாக்குப்பிடிப்பார். இல்லாவிட்டால் இரண்டாம் பருவத்தில் கட்டணம் கட்டும்போது கை தயங்கும்.

செயற்கை நுண்ணறிவு இந்த இடைவெளியை நிரப்புமா என்று இப்போது கேட்கிறார்கள். இலவசப் பாடத் தளமான கான் அகாடமி 2023ல் கான்மிகோ என்ற உரையாடும் ஆசிரியரைக் கொண்டுவந்தது. எஸ்எல்எஸ் தளத்திலும் அதே வருடம் தொடக்கநிலை ஐந்து கணக்குக்குப் பிள்ளையின் வேகத்துக்கேற்ப மாறும் பாடமுறை வந்தது. எந்த நேரத்திலும் சலிக்காமல் சந்தேகம் தீர்ப்பது சாதாரண விஷயமில்லை. தங்குவிடுதி ஊழியர் ஆங்கிலப் பத்தியைத் தமிழில் விளக்கச் சொல்லலாம், அதுவே பெரிய உதவி. ஆனால் மூன்று நாளாக வரவில்லையே என்று விசாரிக்கும் ஆளை அது தராது.

1991ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகளால் நம் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகத் துணை நிற்கிறது. இணையத்தில் படிக்கும் பெரியவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நம் தமிழ் அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவு இல்லை. சமூக மன்றத்தில் வாரம் ஒரு மாலை ஓர் அறை. பெஞ்சூரு போன்ற ஊழியர் பொழுதுபோக்கு நிலையங்களில் ஞாயிறு மதியம் நான்கு மேசை. மின்செருகியும் வைஃபையும் வேண்டும். யார் எந்தப் படிப்பு படித்தாலும் வந்து இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஏற்கெனவே ஒரு படிப்பை முடித்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். வருபவர்களின் பெயரும் கெடு தேதியும் அவரிடம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். வராதவருக்கு அவர் போன் செய்ய வேண்டும். நம் பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் அறை பதிவு செய்யும் அதே ஆட்கள் மனம் வைத்தால் இதை அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.